இசா ரத்தானபின் எஞ்சியது என்ன?

“இசாதான் ஒழிந்துவிட்டதே, அப்புறம் எப்படி ஜாமீன்கூட இல்லாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள்?” ஷா ஆலாம் உயர் நீதிமன்ற வளாகத்தில் மகனின் வழக்குக்காகக் காத்திருக்கும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் செய்தித்தாளைத் தவறாமல் படிக்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. நியாயமான சந்தேகம்தான். இசா எனப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012 ஜூலை 31 அன்று ரத்தானது உண்மை. ஒரு சட்டம் ரத்தாகும்போது அதன் எந்தப் பகுதி போகிறது, எந்தப் பகுதி வேறு பெயரில் தொடர்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். அதற்கு இசா எப்படி இயங்கியது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரணக் குற்றவியல் சட்டம் சதியை எப்படி அணுகுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 120ஏ பிரிவு குற்றச் சதியை வரையறுக்கிறது. சட்டவிரோதமான ஒன்றைச் செய்ய இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ உடன்படுவது குற்றச் சதி. சந்தேகத்தின் பேரில் போலீஸ் ஒருவரைக் கைது செய்தால், 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். விசாரணைக்காக மேலும் தடுத்து வைக்க மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். கடுமையான குற்றமாக இருந்தாலும் இந்தத் தடுப்புக் காலம் மொத்தம் 14 நாட்களைத் தாண்ட முடியாது. அதன்பின் குற்றம் சாட்ட வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். குற்றம் சாட்டினால், அப்படியோர் உடன்பாடு இருந்தது என்பதை அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு.

இசா இந்தப் பாதையில் போகவில்லை. அது தடுப்புக் காவல் சட்டம். ஒருவர் செய்த குற்றத்துக்குத் தண்டனை தருவது தடுப்புக் காவலின் நோக்கமன்று. அவர் இனிமேல் ஒன்றைச் செய்துவிடக்கூடும் என்று அரசாங்கம் கருதினால், அதைத் தடுக்க முன்கூட்டியே அடைத்து வைப்பது. எனவே குற்றச்சாட்டு தேவையில்லை, வழக்கு தேவையில்லை, நிரூபணமும் தேவையில்லை. சதி நடக்கிறது என்று அரசாங்கம் நம்பினால் போதும்.

இந்த அதிகாரம் திடீரென்று 1960-இல் முளைத்ததன்று. கிள்ளான் தமிழர்கள் அதன் முந்தைய வடிவத்தை 1941-லேயே பார்த்துவிட்டார்கள். அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர்த் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரைமார் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய வழக்கத்துக்கு முடிவு கேட்டார்கள். அவர்களை அமைப்பாகத் திரட்டியவர்களில் முக்கியமானவர் ஆர்.எச்.நாதன். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். மே மாதம் அவர் கைதானார். பிறகு நாடு கடத்தும் சட்டத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அதற்குக் குற்ற வழக்கு எதுவும் தேவைப்படவில்லை. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1948 ஜூனில், கம்யூனிஸ்ட் கட்சியின் ஆயுதப் போராட்டத்தை எதிர்கொள்ள ஆங்கிலேய அரசு மலாயா முழுவதும் அவசரநிலையைக் கொண்டுவந்தது. அவசரகால விதிமுறைகள் விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதிகாரத்தை விரிவாகத் தந்தன. அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி துப்பாக்கி வைத்திருந்தார் என்று அதே விதிமுறைகளின் கீழ் குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கணபதிக்கு விசாரணை நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான மற்றவர்களுக்கு அதுகூட இல்லை.

அவசரநிலை 1960 ஜூலை 31-இல் முடிந்தது. மறுநாள், ஆகஸ்ட் 1 அன்று, இசா நடைமுறைக்கு வந்தது. இடையில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. தற்காலிக விதிமுறைகளில் இருந்த தடுப்புக் காவல் நிரந்தரச் சட்டமானது இப்படித்தான்.

அதற்கான இடத்தை அரசியலமைப்பே தந்திருந்தது. கூட்டரசு அரசியலமைப்பின் 149-ஆம் பிரிவு, நாட்டுக்கு எதிரான நாசவேலையைத் தடுக்க நாடாளுமன்றம் சிறப்புச் சட்டம் இயற்றலாம் என்கிறது. அப்படிப்பட்ட சட்டம் தனிமனிதச் சுதந்திரம், பேச்சுரிமை போன்ற அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும். ஒரே நிபந்தனை, அச்சுறுத்தல் ஒன்று இருப்பதாகச் சட்டத்தின் முகவுரை சொல்ல வேண்டும். இசாவின் முகவுரை, நாட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கணிசமான ஒரு கூட்டத்தார் வன்முறையால் அரசைக் கவிழ்க்க முயல்கிறார்கள் என்ற பொருளில் எழுதப்பட்டது. அன்று எல்லோருக்கும் அதன் பொருள் விளங்கியது. தாய்லாந்து எல்லைக்குப் பின்வாங்கியிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளையே அது குறித்தது. சட்ட வரைவை எழுதிய ஆங்கிலேயர் ஹியூ ஹிக்லிங், அரசியல் எதிராளிகள் மீதும் சமூக ஊழியர்கள் மீதும் அது பாயும் காலம் வரும் என்று தன்னால் அப்போது கற்பனை செய்ய முடியவில்லை எனப் பிற்காலத்தில் எழுதினார்.

இனி சட்டத்தின் இயக்கத்தைப் பார்ப்போம். அதன் மையத்தில் இரண்டு பிரிவுகள் இருந்தன. 73-ஆம் பிரிவின்படி, பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் ஒருவரைப் பிடியாணை இல்லாமல் கைது செய்து 60 நாட்கள் வரை வைத்திருக்கலாம். மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டியதில்லை. இந்த 60 நாட்களும் பெரும்பாலும் தனிமைச் சிறையில், எந்த இடம் என்று குடும்பத்துக்குத் தெரியாமல் கழிந்தன என்று வெளிவந்த பலர் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது 8-ஆம் பிரிவு. நாட்டின் பாதுகாப்புக்கோ, அத்தியாவசியச் சேவைகளுக்கோ, பொருளாதார வாழ்வுக்கோ ஒருவர் தீங்காக நடப்பதைத் தடுக்க அவரை அடைத்து வைப்பது அவசியம் என்று உள்துறை அமைச்சர் மனநிறைவு கொண்டால், இரண்டு ஆண்டுத் தடுப்பு ஆணையில் கையெழுத்திடலாம். இரண்டு ஆண்டு முடிந்தால் இன்னொரு இரண்டு ஆண்டு. எத்தனை முறை நீட்டிக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. ஆணை பெற்றவர்கள் தைப்பிங்குக்கு அருகே உள்ள கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். “பொருளாதார வாழ்வு” என்ற சொற்களைக் கவனியுங்கள். அந்தச் சொற்களின் அகலத்தால், போலி அடையாள அட்டை தயாரித்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள்கூடக் கமுந்திங்கில் இருந்தார்கள்.

பாதுகாப்பு எதுவுமே இல்லையா என்றால், ஒன்று இருந்தது. அரசியலமைப்பின் 151-ஆம் பிரிவின்படி, அடைக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். அவர் ஆலோசனை வாரியம் ஒன்றிடம் முறையிடலாம். வாரியம் மூன்று மாதத்துக்குள் மாமன்னருக்குப் பரிந்துரை செய்யும். ஆனால் அது பரிந்துரைதான், விடுதலை ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் வாரியத்துக்குக் கிடையாது. தேச நலனுக்கு விரோதம் என்று அரசு கருதும் தகவலை, அடைக்கப்பட்டவரிடம் சொல்லாமல் விடவும் அதே பிரிவு அனுமதிக்கிறது. தன்மீது சொல்லப்படுவது என்ன என்று முழுமையாகத் தெரியாத ஒருவர் அதை மறுத்து வாதாட வேண்டியிருந்தது.

அப்படியானால் நீதிமன்றம்? வரலாற்றின் மிக முக்கியமான பகுதி இதுதான். சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவரைக் கொண்டுவந்து நிறுத்தும்படி கேட்கும் ஆட்கொணர்வு மனு நம் நாட்டிலும் உண்டு. டாமான்சாராவின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் கே.கரம் சிங் தன் தடுப்பை எதிர்த்து அப்படியொரு மனு போட்டார். 1969-இல் கூட்டரசு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அரசாங்கத்தின் மனநிறைவு அரசாங்கத்தின் சொந்த விஷயம், அதற்கான காரணங்கள் போதுமா என்று நீதிமன்றம் எடைபோடாது என்பது தீர்ப்பின் சாரம். இதை அகநிலைச் சோதனை என்பார்கள். நம்பினாரா என்று மட்டும் பார்ப்பது அகநிலை. நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்ததா என்று பார்ப்பது புறநிலை. மலேசிய நீதிமன்றங்கள் அமைச்சரின் ஆணையைப் பொறுத்தவரை பல ஆண்டுகள் அகநிலையிலேயே நின்றன.

அதில் ஒரு விரிசல் 1988-இல் விழுந்தது. 1987 அக்டோபர் 27-இல் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இசாவின் கீழ் பிடிபட்டார்கள். அவர்களில் வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான கர்ப்பால் சிங்கும் ஒருவர். 1988 மார்ச் 9 அன்று ஈப்போ உயர் நீதிமன்ற நீதிபதி பே சுவீ சின் அவரை விடுவித்தார். அன்றே, சில மணி நேரத்தில், அவர் மறுபடி கைது செய்யப்பட்டார். அரசாங்கம் அதோடு நிற்கவில்லை. 1989-இல் சட்டத்தில் 8பி என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. அமைச்சரின் முடிவை எந்த நீதிமன்றமும் ஆராயக் கூடாது, நடைமுறை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டதா என்பதை மட்டும் பார்க்கலாம் என்றது அது. அதன்பின் வழக்கறிஞர்களுக்கு எஞ்சியது எழுத்துப் பிழையும் தேதிப் பிழையும் தேடும் வேலைதான்.

அதே ஆண்டு டிசம்பர் 2-இல் ஹாட்யாய் உடன்படிக்கை கையெழுத்தாகி, கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதத்தைக் கீழே வைத்தது. முகவுரையில் சொல்லப்பட்ட அச்சுறுத்தல் அத்துடன் தீர்ந்தது. ஆனால் சட்டம் தீரவில்லை. இசா கம்யூனிஸ்டுகளுக்கு மட்டுமானதன்று என்று நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது. எனவே அது மேலும் 23 ஆண்டுகள் வாழ்ந்தது.

இந்த 52 ஆண்டுகளில் இசாவின் கீழ் பிடிபட்டோர் 10,000-க்கும் மேல். அவர்களில் உண்மையான ஆயுததாரிகளும் இருந்தார்கள். தொழிற்சங்கவாதிகள், மாணவர் தலைவர்கள், சமய ஊழியர்கள், கல்வியாளர்களும் இருந்தார்கள். லாலாங் நடவடிக்கையில் மட்டும், தொழிற்சங்கப் பேரவைப் பொதுச் செயலாளரும் பூச்சோங் நாடாளுமன்ற உறுப்பினருமான வி.டேவிட், தொழிலாளர் உரிமைக்காக உழைத்த ஆரோக்கியதாஸ், ஐரின் சேவியர் ஆகியோர் உள்ளே போனார்கள். 1974-இல் மாணவர் தலைவராகவும், 1998-இல் பதவி நீக்கப்பட்ட துணைப் பிரதமராகவும் இரண்டு முறை இசாவில் இருந்தவர் அன்வார் இப்ராஹிம். இசாவுக்குப் பதிலாக வந்த சொஸ்மா சட்டம் பற்றி இன்று எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அரசாங்கம் அவருடையது என்பதால் இதை நினைவூட்டுகிறேன்.

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கு இசா என்றாலே நினைவுக்கு வருவது 2007. அந்த ஆண்டின் இறுதி, சாதாரண நீதிமன்றத்துக்கும் தடுப்புக் காவலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மாதத்துக்குள் காட்டியது. நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமை அமைப்பான ஹிண்ட்ராஃபின் பேரணி. அதற்கு முந்தைய நாட்களில் பி.உதயகுமார், பி.வேதமூர்த்தி, வி.கணபதிராவ் ஆகியோர் தேச நிந்தனைக் குற்றச்சாட்டில் கைதாகிக் கிள்ளான் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே அரசுத் தரப்பு தன் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. அது சரியாக அமையவில்லை, நீதிமன்றம் அவர்களை அனுப்பிவிட்டது. குற்றமற்றவர்கள் என்ற தீர்ப்பு அன்று. குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பு மட்டுமே. ஆனாலும் அவர்கள் வெளியே வந்தார்கள்.

டிசம்பர் 13-இல் அரசாங்கம் வேறு பாதையை எடுத்தது. உதயகுமார், எம்.மனோகரன், ஆர்.கெங்காதரன், வி.கணபதிராவ், டி.வசந்தகுமார் ஆகிய ஐவர் மீதும் 8-ஆம் பிரிவின் கீழ் ஆணை பிறந்தது. உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் பொறுப்பையும் தன்னிடமே வைத்திருந்த பிரதமர் அப்துல்லா அகமட் படாவியின் கையெழுத்து அது. ஐவரும் கமுந்திங் போனார்கள். கிள்ளானில் நிரூபிக்க வேண்டியிருந்த எதையும் இப்போது நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. 2008 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் அவர்களின் ஆட்கொணர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது.

இடையில் மக்கள் வேறொரு தீர்ப்பு சொல்லியிருந்தார்கள். 2008 மார்ச் 8 பொதுத் தேர்தலில், கமுந்திங்கில் இருந்தபடியே மனோகரன் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். ஒரு நாள்கூடப் பிரசாரம் செய்ய முடியாத வேட்பாளர் அவர். 2009 ஏப்ரலில் நஜிப் ரசாக் பிரதமரானதும் கணபதிராவும் கெங்காதரனும் விடுதலையானார்கள். மற்ற மூவரும் மே மாதம் வந்தார்கள். கணபதிராவ் 2022-இல் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரானார். நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லப்பட்டவர் சட்டமியற்றும் அவையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பழைய ஆணையின் அடிப்படை எவ்வளவு உறுதியானது என்பதை வாசகர்களே எடைபோடலாம்.

2008 செப்டம்பரில் நிலைமை இன்னும் மோசமானது. செய்தி எழுதிய பெண் நிருபர் ஒருவரை இசாவில் பிடித்து, ஒரு நாளுக்குள் விட்டார்கள். அவருடைய பாதுகாப்புக்காகவே பிடித்தோம் என்று உள்துறை அமைச்சர் விளக்கம் சொன்னார். சட்ட விவகார அமைச்சர் ஜைட் இப்ராஹிம் பதவி விலகினார். நவம்பரில் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம், 8பி பிரிவையும் மீறி, இசாவில் அடைக்கப்பட்டிருந்த வலைப்பதிவர் ராஜா பெட்ரா கமாருடினை விடுவித்தது. 2009 ஆகஸ்ட் 1-இல் ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூரில் இசாவுக்கு எதிராகத் திரண்டார்கள். 2011 செப்டம்பர் 15 அன்று, மலேசிய தினத்தின் முன்னிரவு உரையில், இசாவை ரத்து செய்வதாக நஜிப் அறிவித்தார். நாதனை அனுப்பிய அதிகாரத்தின் வழிவந்த நாடு கடத்தும் சட்டமும் அந்த ஆண்டே ரத்தானது.

அந்த அறிவிப்பிலேயே இன்னொரு வாக்கியமும் இருந்தது. இசாவுக்குப் பதிலாக, அதே 149-ஆம் பிரிவின் கீழ் புதிய சட்டம் வரும் என்பது அது. பலர் அதைக் கவனிக்கவில்லை. மக்களவை 2012 ஏப்ரலில் நிறைவேற்றிய பாதுகாப்புக் குற்றங்கள் சிறப்பு நடவடிக்கைகள் சட்டம்தான் அது. சுருக்கமாகச் சொஸ்மா. அது நடைமுறைக்கு வந்த நாளில் இசா விலகியது.

சொஸ்மாவையும் இசாவையும் ஒன்று என்று சொல்வது தவறு. அமைச்சரின் கையெழுத்தில் இரண்டு ஆண்டு அடைப்பது சொஸ்மாவில் இல்லை. விசாரணை முடிந்ததும் குற்றம் சாட்டியே ஆக வேண்டும், வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடக்க வேண்டும். அரசியல் நம்பிக்கைக்காகவோ அரசியல் செயல்பாட்டுக்காகவோ மட்டும் யாரையும் கைது செய்யக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இவை உண்மையான மாற்றங்கள்.

மாறாதவை இரண்டு. ஒன்று, மாஜிஸ்திரேட் இல்லாத காவல். 60 நாட்கள் 28 ஆகக் குறைந்தன. ஆனால் 24 மணி நேரத்துக்குப் பின் அதை நீட்டிப்பவர் நீதிபதி அல்லர், சூப்பரிண்டெண்டன்ட் நிலையிலுள்ள போலீஸ் அதிகாரி. வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் தள்ளிப்போடவும் முடியும். இரண்டாவது, ஜாமீன். 13-ஆம் பிரிவு ஜாமீன் இல்லை என்கிறது. 18 வயதுக்குக் கீழானவர், பெண், நோயாளி என்றால் மட்டும், பயங்கரவாதக் குற்றமாக இல்லாவிட்டால், நீதிபதி ஜாமீன் தரலாம். மற்றவர்கள் வழக்கு முடியும்வரை சிறையில்தான். வழக்கு எப்போது முடியும் என்பதற்குச் சட்டத்தில் கெடு இல்லை. ஷா ஆலாம் பெற்றோரின் கேள்விக்குப் பதில் இந்த 13-ஆம் பிரிவு.

ஆனால் அந்தப் பிள்ளைகள் ஏன் சொஸ்மாவுக்குள் வந்தார்கள்? இதற்குத் தண்டனைச் சட்டத்துக்குத் திரும்ப வேண்டும். சொஸ்மா குற்றங்களை வகுப்பதில்லை, அது நடைமுறையை மட்டும் வகுக்கிறது. எந்தக் குற்றங்களுக்கு அந்த நடைமுறை பொருந்தும் என்று ஒரு பட்டியல் உண்டு. அரசுக்கு எதிரான குற்றங்கள், பயங்கரவாதம், ஆள்கடத்தல், இவற்றோடு திட்டமிட்ட குற்றக் கும்பல். இந்தக் கடைசி வகைதான் இந்தியக் குடும்பங்களை அதிகம் தொடுகிறது. 130வி பிரிவின்படி, குற்றக் கும்பலின் உறுப்பினராக இருப்பதே குற்றம், 5 முதல் 20 ஆண்டு வரை சிறை. கடுமையான குற்றம் செய்யும் நோக்கத்தோடு இணைந்து இயங்கும் இருவர் இருந்தாலே அது கும்பல். சதிச் சட்டத்துக்கு மிக நெருக்கமான வடிவம் இது. சதியில் உடன்பாட்டை நிரூபிக்க வேண்டும், இங்கே உறுப்பினர் என்பதை நிரூபிக்க வேண்டும். சாதாரணச் சதி வழக்கில் ஜாமீன் கேட்டு வாதாடலாம். 130வி வழக்கு சொஸ்மாவின் கீழ் போவதால் அந்த வாதத்துக்கே இடமில்லை.

2019 அக்டோபரில் வேறொரு வகை இதே வழியில் வந்தது. விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் 12 பேர் சொஸ்மாவில் கைதானார்கள். இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள், காடேக் தொகுதியின் ஜி.சாமிநாதனும் சிரம்பான் ஜெயாவின் பி.குணசேகரனும். சாமிநாதனின் மனுவில், நவம்பர் 29 அன்று, கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் கசாலி 13-ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்றார். ஜாமீன் தருவதா மறுப்பதா என்பது நீதிமன்றத்தின் அதிகாரம், அதை நாடாளுமன்றம் பறிக்க முடியாது என்பது அவர் காரணம். வேறு நீதிபதிகள் வேறுவிதமாகப் பார்த்தார்கள். 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதும் இருந்த குற்றச்சாட்டுகளை மீட்டுக்கொண்டார். கைப்பேசியில் ஒருவரின் படம் வைத்திருப்பது ஒருவரைப் பயங்கரவாதி ஆக்காது என்று அவர் விளக்கினார். வழக்கே இல்லை என்று ஆன ஒரு விஷயத்துக்காக அவர்கள் ஏறக்குறைய நான்கு மாதங்கள் உள்ளே இருந்துவிட்டார்கள். 13-ஆம் பிரிவு பற்றிய கேள்வி மட்டும் முடிவில்லாமல் நின்றது.

அமைச்சரின் கையெழுத்தில் அடைப்பது முற்றிலும் போய்விட்டதா என்பதும் பார்க்க வேண்டியது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் வந்த அவசரகாலச் சட்டமொன்று, இசாவைப் போலவே 60 நாளும் இரண்டு ஆண்டும் தந்தது. குண்டர் கும்பல் சந்தேகத்தில் பல இளைஞர்கள் அதன் கீழ் ஜொகூரின் சிம்பாங் ரெங்காமுக்குப் போனார்கள். 2011 ஜூலையில் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜும் அவருடைய கட்சித் தோழர்கள் ஐவரும் அதே சட்டத்தில்தான் பிடிபட்டார்கள். அவசரநிலைப் பிரகடனங்கள் 2011 இறுதியில் மீட்கப்பட்டன, அதைத் தொடர்ந்து அந்தச் சட்டமும் காலாவதியானது. 2013-இல் துப்பாக்கிச் சூடுகள் பெருகின. அந்தச் சட்டக் கைதிகள் வெளியே வந்ததே காரணம் என்று அரசுத் தரப்பு சொன்னது. 1959-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம், பொக்கா, திருத்தப்பட்டு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இப்போது அமைச்சருக்குப் பதில் ஒரு வாரியம் இரண்டு ஆண்டுத் தடுப்பு ஆணை போடுகிறது. அதையும் நடைமுறைப் பிழைக்காக மட்டுமே நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். 8பி பிரிவின் வாசகம் இங்கே குடிபெயர்ந்திருக்கிறது.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய போக்கன்று. இந்தியாவில் 2002-இல் வந்த பொடா சட்டத்தில் வைகோ பத்தொன்பது மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தது தமிழ் வாசகர்கள் அறிந்ததே. 2004-இல் பொடா ரத்தானது. அதே நாளில் அதன் பயங்கரவாதப் பிரிவுகள் பல, ஏற்கெனவே இருந்த சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. 2008 திருத்தம் அதில் ஜாமீனைக் கடினமாக்கியது. சிங்கப்பூரிலோ, மலேசியாவில் ரத்தான அதே 1960-ஆம் ஆண்டு இசா இன்றும் உயிரோடு இருக்கிறது.

அரசாங்கத்தின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கும்பல் வழக்குகளில் சாட்சிகள் பயப்படுகிறார்கள், பிணையில் வெளிவந்தவர் சாட்சியைத் தேடிப் போகலாம். 2016 ஜூன் 28 அன்று பூச்சோங் மொவிடா உணவகத்தில் கையெறி குண்டு வெடித்து எட்டுப் பேர் காயமடைந்தார்கள். அப்படிப்பட்ட தாக்குதலின் பின்னால் உள்ள வலையமைப்பை 14 நாட்களில் விசாரித்து முடிப்பது கடினம். இந்தக் கவலைகள் கற்பனை அல்ல. கிள்ளானில் கும்பல் வன்முறையால் பிள்ளையை இழந்த பெற்றோரும் நம்மிடையே இருக்கிறார்கள்.

என் கருத்து அளவானது. சாட்சிக்கு ஆபத்து, தப்பி ஓடும் அபாயம் ஆகியவற்றை எடைபோட்டு ஜாமீன் மறுக்க நீதிபதியால் முடியும், சாதாரணச் சட்டத்திலேயே அவர்கள் தினமும் அதைச் செய்கிறார்கள். எனவே 13-ஆம் பிரிவு நீதிபதியிடமிருந்து அந்த எடைபோடலைப் பறித்து வைத்திருக்கத் தேவையில்லை. அதைத் திருப்பிக் கொடுத்தால் சொஸ்மாவின் மற்றப் பகுதிகள் தொடர்ந்தாலும், இசாவிலிருந்து நாம் உண்மையாகவே விலகிவந்ததாகச் சொல்லலாம்.

இதற்கு நாடாளுமன்றத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 28 நாள் காவலுக்கு மட்டும் ஐந்தாண்டு ஆயுள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரு அவைகளும் தீர்மானம் போட்டு நீட்டித்தால்தான் அது தொடரும். 2022 மார்ச் 23 அன்று மக்களவையில் அந்தத் தீர்மானம் 84-க்கு 86 என்ற கணக்கில் தோற்றது. 50 பேர் வாக்களிக்கவே வரவில்லை. ஜூலை 26-இல் மறுபடி கொண்டுவரப்பட்டு 111-க்கு 88 என நிறைவேறியது. அதன்படி அடுத்த கெடு 2027 ஜூலை 31. ஜாமீன் மறுக்கும் 13-ஆம் பிரிவுக்கு இந்தக் கெடு பொருந்தாது, அதைத் தனியாகத் திருத்த வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினரைச் சந்திக்கும்போது, 28 நாளைப் பற்றி மட்டும் கேட்காமல் 13-ஆம் பிரிவைப் பற்றியும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.